மணிக்கொரு சொட்டு

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதில் நாகலெட்சுமியை மிஞ்ச நோட்டன் பிரிட்ஜ் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. பத்து வருஷம் குவைத்தில் ஒரு கிழவிக்கு நாளைக்கு மூன்று வேளை மருந்து விட்ட கை அது. கீழிமையை நுனிவிரலால் மெல்ல இழுத்துச் சின்னப் பை மாதிரி ஆக்கி, போத்தலின் மூக்கு எங்கும் படாமல் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். விட்டதும் கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். கசந்தால் கிழவி தலையணையைத் தூக்கி எறிவாள். இதையெல்லாம் நாகலெட்சுமி பள்ளிக்கூடம் போய்ப் படிக்கவில்லை, தலையணை அடி வாங்கித்தான் படித்தாள்.

கிழவி செத்துப்போனாள். நாகலெட்சுமி ஊருக்கு வந்துவிட்டாள். எட்டு வயதில் விட்டுப்போன மகள் சுலக்ஷனா பதினெட்டு வயதில் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் நின்று, "வாங்க" என்றாள்.

அந்த ஒரு 'வாங்க'தான் அவளை அறுத்தது. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வாங்க, உக்காருங்க, தேத்தண்ணி குடிங்க. விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதை. இடையில் இரண்டு தடவை லீவில் வந்தபோதும் இதே கதைதான். மகள் முகத்துக்கு நேரே கத்திச் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. சண்டை போடுவதற்கும் ஓர் உறவு வேண்டுமே.

பிள்ளையை வளர்த்தது நாகலெட்சுமியின் அக்கா ராமாயி. பிள்ளைகுட்டி இல்லாதவள், கொழுந்து பறிப்பவள். அதே லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தாள். சுலக்ஷனா படித்து முடித்துத் தோட்டத்து முன்பள்ளியில் பயிற்சி டீச்சராகச் சேர்ந்திருந்தாள். காலையில் பெரியம்மா அவளுக்குத் தலை வாரிவிடுவாள். பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு என்ன தலைவாரல் என்று நாகலெட்சுமி மனதுக்குள் நொடிப்பாள். நொடித்துக்கொண்டே, சீப்பு நெற்றியிலிருந்து பிடரிக்குப் போய்வருவதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்பன்காரன் செல்லசாமி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். அவரிடம் சொன்னால், "வந்து மூணு மாசந்தானே ஆச்சு, பொறு" என்பார். பொறுப்பது அவளுக்குப் புதிதா என்ன, பத்து வருஷமாகப் பொறுத்தவள்தானே. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளையை ஒரு தடவை தொட வேண்டும். பிள்ளை ஒதுங்கக் கூடாது.

தொடுவதற்கு வழி வந்தது. இப்படி வருமென்று தெரிந்திருந்தால் வேண்டாம் என்று மாடசாமி கோயிலுக்கு நேர்ந்து காசு முடிந்து வைத்திருப்பாள்.

மேல் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடித்திருந்தார்கள். வெட்டிப்போட்ட தேயிலை மிலாறுதான் லயத்து அடுப்புக்கெல்லாம் விறகு. ஞாயிற்றுக்கிழமை சுலக்ஷனா மிலாறு ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒரு குச்சி துள்ளி இடது கண்ணில் பட்டது. ரத்தம் இல்லை. கண் மட்டும் சிவந்து நீராய்க் கொட்டியது.

பக்கத்துக் காம்பரா கிருஷாந்தி கைப்பிள்ளைக்காரி. "ரெண்டு சொட்டு தாய்ப்பால் பீச்சி விட்டா சரியாப் போயிரும் அக்கா. எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அதான்," என்று பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே வந்தாள்.

நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. "நல்லா இருக்கு போ. இந்தக் காலத்துலயும் பாலு விடுறீங்களா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், குவைத்துப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து வந்தாள். கிழவிக்குக் கண்ணில் ஒப்பரேஷன் செய்தபோது கொடுத்த மருந்து. பாதிக்கு மேல் மிச்சம். அந்த வீட்டில் குப்பையில் போடச் சொன்னதை, இத்தனை விலையான மருந்தா என்று மனசு வராமல் எடுத்து வந்திருந்தாள். வெளிநாட்டுக்குப் போய்வருகிற பெண்கள் எல்லாருடைய பெட்டியிலும் இப்படி ஒன்று இருக்கும். ஒருத்தியிடம் தைலம், ஒருத்தியிடம் மாத்திரை, இவளிடம் கண்மருந்து.

"கிழவியோட கண்ணு செக்கச்செவேல்னு இருந்துச்சு. இத விட்டு ரெண்டே நாளுல வெளுத்துருச்சு," என்றாள்.

வலியில் இருந்த பிள்ளை மறுபேச்சுப் பேசவில்லை. பாயில் உட்கார்ந்து, அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டது. நாகலெட்சுமி இமையை இழுத்தாள், ஒரு சொட்டு விட்டாள், மூக்கோரத்து மூலையை அழுத்திப் பிடித்தாள். இரண்டு நிமிஷம் போதும். அவள் நான்கு நிமிஷம் பிடித்தாள்.

"கசக்குதா?"

"இல்ல."

அன்றைக்கும் மறுநாளும் வேளைக்கு ஒரு தடவை மடியில் அந்தத் தலை இருந்தது. சிவப்பும் குறைந்தது. "கொறஞ்சிருக்கு," என்று மகள் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னபோது நாகலெட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் வாழ்க்கையிலேயே நல்ல நாள்கள். அதை நினைத்துப் பிற்பாடு எத்தனை அழுதாலும், நல்ல நாள்கள் என்பது பொய்யாகிவிடாது.

நான்காம் நாள் வலி மண்டையைப் பிளந்தது. கருவிழியில் உளுந்து அளவுக்கு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. டிஸ்பென்சரிக்காரர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மருந்து எதுவும் கொடுக்காமல் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டிக்கு ஒரு பஸ். பஸ் முழுக்க நாகலெட்சுமி கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். வேளை தப்பக் கூடாதென்று அந்தப் போத்தலை அதில்தான் போட்டு வந்திருந்தாள்.

கண் வார்டில் இருந்த டொக்டர் நடுத்தர வயதுப் பெண். மிஷினில் பிள்ளையின் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார். மரக்குச்சி பட்டதா? எத்தனை நாள்? இதற்கு முன்னால் கண்ணில் ஏதாவது விட்டீர்களா?

சுலக்ஷனாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, நாகலெட்சுமிக்கும் கேட்டால் விளங்கும். "ஒன்னும் பெரிசா இல்ல டொக்டர். வீட்டுல இருந்த ஒரு சொட்டு மருந்து," என்றாள்.

"என்ன மருந்து?"

"பேரு தெரியாது."

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். நாகலெட்சுமிக்கு அந்த நிறுத்தம் போதும். பத்து வருஷம் பிறத்தியார் வீட்டில் முகம் பார்த்து வேலை செய்தவள் அவள். ஏதோ தப்பாகிவிட்டது என்று விளங்கிவிட்டது. எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் விளங்கியது. கொடுக்காமலும் இருக்கலாம். சாதாரண மருந்து, தீர்ந்துபோச்சு, போத்தலை எறிஞ்சாச்சு என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? மடியில் இருந்த தலையின் பாரம் இன்னும் தொடையில் அப்படியே இருந்தது. அதை இழப்பதா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், தாய் மனசு கணக்குப் பார்த்தது. பிறகு கைப்பையைத் திறந்து போத்தலை மேசைமேல் வைத்தாள்.

டொக்டர் மருந்தின் பேரைப் படித்தார். முகம் மாறியது. சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. குச்சியோடு பூஞ்சணம் உள்ளே போயிருக்கிறது என்றார். இந்த மருந்து சிவப்பை அடக்கும், பூஞ்சணத்தைக் கொல்லாது. அடக்கிய நேரத்தில் அது நன்றாக வேரூன்றிவிட்டது. காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை. அதுவும் போத்தலைத் திறந்து எத்தனை மாதம்?

"எட்டு," என்றாள் நாகலெட்சுமி.

"திறந்தால் ஒரு மாதம்தான் அம்மா. இதைக் கொண்டுவந்து காட்டியது நல்லது. இல்லாவிட்டால் நானும் காரணம் தெரியாமல் வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்பேன்."

கடைசி வாக்கியம் நாகலெட்சுமியின் காதில் ஏறவில்லை. மகள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டதுதான் தெரிந்தது. தன் விரலே தன் கண்ணைக் குத்தும் என்பார்கள். பிள்ளையின் கண்ணைக் குத்துவதற்கு என்ன பேர் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வார்டில் ஒன்பது நாள். புது மருந்து பால் மாதிரி வெள்ளை, குலுக்கிவிட்டுத்தான் விட வேண்டும். மணிக்கு ஒரு தடவை நர்ஸ் மிஸ்ஸிமார் வந்து மருந்து விட்டார்கள். ஏன் மணிக்கொரு தடவை என்று நாகலெட்சுமி கேட்டதற்கு ஒரு மிஸ்ஸி விளக்கினாள். கண் ஒரு சொட்டுக்கு மேல் பிடிக்காது. பிடித்ததையும் கண்ணீர் ஐந்து நிமிஷத்தில் கழுவிவிடும். அது கழுவக் கழுவ நாம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடங்காவிட்டால் ஊசியால் கண்ணுக்குள்ளேயே மருந்தை வைப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால்... மிஸ்ஸி அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பார்வையாளர் நேரத்தில் நாகலெட்சுமி கட்டிலோரம் நிற்பாள். சுலக்ஷனா கண்ணை மூடிக்கொள்வாள். ராமாயி வந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நல்ல கண்ணைத் திறந்து பேசினாள்.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு, அடுத்த கிழமை இதே நாளில் கிளினிக். அப்போதும் வெள்ளை குறையாவிட்டால் ஊசி என்று டொக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

முதல் நாள் ராமாயி வேலைக்குப் போகாமல் நின்றாள். கொழுந்துச் சாயம் ஏறி வெடித்துப்போன விரல்கள். இமையை இழுத்ததும் பிள்ளை 'ஸ்' என்றது. போத்தல் மூக்கு இமையில் இடித்தது.

"என் கைக்குக் கொழுந்துதான் தெரியும் சாமி. கண்ணு தெரியாது," என்று ராமாயி போத்தலை வைத்துவிட்டாள். "ஒங்கம்மாவப் போடச் சொல்லு."

"நானே போட்டுக்கிறேன் பெரியம்மா."

மறுநாள் ராமாயி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்விட்டாள். சுலக்ஷனா கண்ணாடியைச் சுவரில் சாத்தி வைத்துக்கொண்டு தானே விட்டுப் பார்த்தாள். சொட்டு விழும் நேரம் பார்த்துக் கண் இறுக மூடிக்கொள்ளும். ஒன்று மூக்கில், ஒன்று கன்னத்தில். இமை மயிரெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை வெள்ளையாய் ஒட்டிக்கொண்டது. மத்தியானத்துக்குள் போத்தலில் கால்வாசி போய்விட்டது. ஹட்டனில் பார்மசி வைத்திருக்கும் ரிஸ்விக்கு நாகலெட்சுமி போனில் கோல் எடுத்தாள். கொழும்பிலிருந்து வரவழைக்க நான்கு நாளாகும், அதுவரைக்கும் இருக்கிறதப் பத்திரமாப் பாவிங்க என்றார் ரிஸ்வி.

அடுப்படிக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் நாகலெட்சுமி. கை துருதுருத்தது. கண்ணுக்கு முன்னால் வீணாகும் ஒவ்வொரு சொட்டையும் எண்ணினாள். பேசாமல் இருந்தால் கண் போய்விடும். பேசினால் பிள்ளை எழுந்து வெளியே போய்விடும். கடைசியில் பேசினாள்.

"பாப்பா. நான் ஒன்ன தொடல. இமைய இழுக்கல. நீ என் மூஞ்சியக்கூடப் பார்க்க வேணாம். ஒரு வழி இருக்கு, கேக்குறியா?"

சுலக்ஷனா எழுந்து போகவில்லை.

"மல்லாந்து படுத்துக்க. கண்ண மூடிக்க. மூக்கோரம் மூலையில ஒரு சொட்டு விட்டுருவேன். அது அங்கனயே குட்டை மாதிரி நிக்கும். பெறகு நீயா கண்ணத் தொறக்குறப்ப மருந்து தானா உள்ள போயிரும். குவைத்துல அந்த வீட்டுல ஒரு சின்னப் பொடியன் இருந்தான், கண்ணத் தொறக்கவே மாட்டான். அவனுக்கு இப்படித்தான் விடுவேன்."

பிள்ளை பாயை விரித்தது. தலையணையை வைத்து மல்லாந்து படுத்துக் கண்ணை மூடியது. நாகலெட்சுமி கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். மருந்து சில்லென்று விழக் கூடாதே என்று போத்தலைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். தலைமாட்டில் முழங்காலிட்டுக் குனிந்தாள். மூச்சுக்காற்றுகூட முகத்தில் படாதபடி ஒரு சொட்டு விட்டாள். வெள்ளைச் சொட்டு மூலையில் அப்படியே நின்றது.

"இப்பத் தொற."

திறக்கவில்லை. மூடிய இமைக்குள் கண்மணி அசைவது தெரிந்தது. நாகலெட்சுமி அவசரப்படுத்தவில்லை. திறந்தால் முதலில் தெரிவது தன் முகம்தான் என்று புரிந்ததும், எழுந்து பின்னால் நகர்ந்து சுவரோரம் போய் நின்றாள். அதற்குப் பிறகு இமை திறந்தது. சொட்டு உள்ளே போனது. ஒரு பொட்டும் சிந்தவில்லை.

அப்படியே நடந்தது. காலை ஆறு மணியிலிருந்து இரவு படுக்கும்வரை மணிக்கு ஒரு தடவை. பாய், தலையணை, மூடிய கண், ஒரு சொட்டு, சுவரோரம். அவள் விரலுக்கும் பிள்ளையின் முகத்துக்கும் இடையில் ஓர் அங்குலம்கூட இருக்காது. அந்த ஓர் அங்குலத்தைத் தாண்டாமல் நிற்பதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். நெற்றியில் ஒரு மயிர் விழுந்து கிடக்கும். ஒதுக்கிவிடக் கை போகும், திரும்பி வரும். குவைத்துக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் இடையில் இருந்த தூரம்கூட இவ்வளவு கொடுமையாக இருக்கவில்லை. அங்கே தொட முடியாது என்பதில் ஒரு சமாதானம் இருந்தது.

நான்காம் நாள், பதினொரு மணிச் சொட்டு மூலையில் நின்றபோது, பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே கேட்டது.

"அந்தக் கெழவிக்கு எத்தன தடவ போடுவீங்க?"

"ஒரு நாளைக்கு மூணு தடவ."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

"தல வாரி விடுவீங்களா?"

நாகலெட்சுமி தயங்கினாள். "விடுவேன். அதுதானே வேல."

"எனக்குப் பேன் புடிச்சு மொட்டை போட்டாங்க. ஒம்பது வயசுல. நீங்க போன்ல பேசுறப்ப அழக் கூடாதுன்னு பெரியம்மா சொல்லுவாங்க. நீங்க அழுவீங்களாம், அந்த வீட்டு மேடம் ஏசுவாங்களாம். நான் அழல. ஒரு தடவகூட அழல." குரல் சீராகவே இருந்தது. "ஸ்கூல்ல அம்மா என்ன வேலன்னு எழுதச் சொன்னாங்க. ஒரு பாட்டியப் பார்த்துக்கிறாங்கன்னு எழுதுனேன். அந்தப் பாட்டி செத்துப்போகணும்னு நான் நேந்துக்கிட்டேன். தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது சாமி."

"செத்துப்போயிட்டாங்க. நீங்களும் வந்துட்டீங்க. வந்து அந்தக் கெழவியோட மிச்ச மருந்த என் கண்ணுல விட்டீங்க."

காசுக்காகப் போனேன், உனக்காகத்தான் போனேன், இந்தக் கூரைத் தகரத்தைப் பார், உன் படிப்பைப் பார் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். உண்மை எல்லாவற்றையும் சொல்லித் தப்பித்துக்கொள்ள நாகலெட்சுமிக்கு மனசு வரவில்லை.

"ஆமா. நாந்தான் விட்டேன்," என்றாள். "நீ என் மடியில படுத்த. நான் மத்த எல்லாத்தையும் மறந்துட்டேன். அதான் பாப்பா நடந்தது."

மூலையில் நின்ற மருந்தோடு கண்ணீர் கலந்து காதோரம் வழிந்தது. அந்தச் சொட்டு வீண். நாகலெட்சுமி ஐந்து நிமிஷம் பொறுத்து, போத்தலைக் குலுக்கி, இன்னொன்று விட்டாள். பிள்ளை கண்ணைத் திறந்தபோது அவள் சுவரோரம் போயிருக்கவில்லை. போக மறந்துவிட்டாள்.

கிளினிக்கில் டொக்டர் மிஷினில் பார்த்துவிட்டு, வெள்ளை சுருங்கியிருக்கிறது, ஊசி வேண்டாம் என்றார். இரண்டு மணிக்கொரு தடவை. அடுத்த கிளினிக்கில் நாளைக்கு நான்கு தடவை. நாகலெட்சுமி கோயிலுக்கு நேர்ந்தது கண் பிழைக்க வேண்டுமென்றுதான். பிழைத்தது. ஆனால் சொட்டு குறையக் குறைய அவளுக்கு உள்ளே என்னவோ வற்றிக்கொண்டு வந்தது. இதை வெளியில் சொன்னால் பெற்றவளா இவள் என்று காறித் துப்புவார்கள். பிள்ளை குணமாகிறதே என்று ஏங்குகிற தாய் உண்டா? உண்டு. ராத்திரி படுத்துக்கொண்டு, நாளைக்கு நான்கு தடவைதானே என்று விரல்விட்டு எண்ணினாள்.

ஏழாவது கிழமை டொக்டர் மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். கருவிழியில் ஒரு வடு இருக்கும், அந்தக் கண்ணில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், மற்றபடி பயமில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது சுலக்ஷனா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கண்ணைக் கையால் மூடி மூடிப் போர்டுகளைப் படித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் முன்பள்ளிக்குப் போனாள். நாகலெட்சுமி அடுப்பு மூட்டினாள், துணி துவைத்தாள், பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாள். ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் எழுந்து கை கழுவினாள். கழுவிய பிறகுதான் எதற்கு என்று தோன்றியது. இனி மகள் வருவாள், 'சாப்டீங்களா' என்பாள், பெரியம்மா வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான்.

இரண்டு மணிக்கு சுலக்ஷனா வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள். பரணில் இருந்த பாயை இழுத்து விரித்தாள். அடுப்படியில் கையில் கிழங்கோடு நின்ற அம்மாவைப் பார்த்து, "வாங்களேன்," என்றாள்.

"மருந்து நிப்பாட்டிட்டாங்களே பாப்பா."

"தெரியும்."

நாகலெட்சுமி கிழங்கை வைத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் தலைமாட்டுப் பக்கம் தள்ளியே உட்கார்ந்தாள். சுலக்ஷனா தலையணையை எடுத்து ஓரமாக எறிந்துவிட்டு, மடியில் தலையை வைத்துப் படுத்தாள்.

"பத்து வருசம் பாக்கி இருக்கு," என்றாள். "சும்மா உக்காந்திருக்காதீங்க."

நாகலெட்சுமி அந்த நெற்றியில் கையை வைத்தாள். மகள் கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.